டிராகன் தீவு தேடி வரும் பிள்ளைகளுக்கும், அவர்களை ஏற்றிப் போகும் படகுக்காரர்களுக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை தொடங்கியதும் பாம்பன், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடிக் கரைகளில் படகுக்காரர்களிடம் ஒரே மாதிரிக் கேள்வி வருகிறது. "அண்ணே, டிராகன் மாதிரி உயிரினம் இருக்கிற தீவு ஒண்ணு இந்தப் பக்கம் ஒளிஞ்சு கிடக்காமே, கூட்டிட்டுப் போவீங்களா?" கேட்பவர்கள் பள்ளி முடித்த, கல்லூரி படிக்கும் பிள்ளைகள். கைபேசியில் பார்த்த ஏதோ ஒரு காணொளிதான் ஆதாரம். சிலர் சிரித்து அனுப்பிவிடுகிறார்கள். சிலர் காசு பேசி ஏற்றிக்கொள்கிறார்கள். இரண்டுமே சரியில்லை. தெரியாத ஓர் உயிரைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஒரு பிள்ளை கடல் வரைக்கும் வருவது நல்ல விஷயம். அந்த ஆசைக்கு உருப்படியான வழி காட்டத்தான் இந்தக் கடிதம்.

முதலில் தீவு. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் உண்டு. எல்லாம் வரைபடத்தில் இருப்பவை, எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு. மண்டபம் பக்கம் சிங்கிள், குருசடை, புள்ளிவாசல், பூமரிச்சான், மனோலிபுட்டி, மனோலி, முயல் தீவு என்று ஏழு. கீழக்கரைப் பக்கம் முள்ளி, வாழை, தலையாரி, அப்பா, பூவரசன்பட்டி, வாலிமுனை, ஆனைபார் என்று இன்னொரு ஏழு. வேம்பார் பக்கம் மூன்று, தூத்துக்குடிப் பக்கம் நான்கு. 1986-ல் இவற்றையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். தீவின் கரைப்பக்கம் 3.5 பாகம் (ஒரு பாகம் ஆறடி), வெளிக்கடல் பக்கம் 5 பாகம் ஆழம் வரை பூங்கா எல்லைக்குள் வரும். அனுமதி இல்லாமல் அங்கே கால் வைத்தால் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தீவுக்குள் போக வேண்டிய ஆராய்ச்சியாளர்கூட வனத்துறையிடம் எழுதிக் கேட்டு அனுமதி வாங்கித்தான் போகிறார்.

ஒளிந்து கிடக்கும் தீவு என்று உண்மையிலேயே ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் பூவரசன்பட்டியைத்தான் சொல்ல வேண்டும். அதுவும் தூத்துக்குடிப் பக்கத்து விளாங்குச்சல்லியும் இன்று தண்ணீருக்குள் போய்விட்டன. காரணத்தில் மாயம் எதுவும் இல்லை. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறையை, வெட்டி வெட்டி எடுத்தார்கள். அலையைத் தன்மேல் வாங்கி உடைத்துக்கொண்டிருந்த பார் (கடலடிப் பாறைத்திட்டு) போனதும் அலை நேரே மணலில் வந்து அடித்தது. மணல் கரைந்தது. கடல் மட்டமும் ஏறிக்கொண்டிருக்க, தீவு நிற்க வழியில்லாமல் போயிற்று. டிராகன் தீவு தேடி வரும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை யாராவது சொல்ல வேண்டும். அந்த இடத்தைப் படகில் போய்த் தேடவும் கூடாது. மேலே வெறும் தண்ணீராகத் தெரியும், அடியில் பார் மேடிட்டிருக்கும். இடம் தெரியாதவர் ஓட்டினால் புரொப்பல்லர் பாறையில் அடிக்கும். சிறிய அவுட்போர்டு இயந்திரத்தில் அப்படி அடிக்கும்போது முதலில் உடைவது ஷியர் பின், அதாவது புரொப்பல்லரைத் தண்டோடு பிணைக்கும் சிறு ஆணி. இயந்திரம் ஓடும், புரொப்பல்லர் சுற்றாது, படகு அலை தள்ளும் பக்கம் போகும். மாற்றுப் பின் இரண்டும் ஒரு குறடும் இல்லாமல் எந்தச் சிறு படகும் பார் பக்கம் போகக் கூடாது.

இன்னொரு கூட்டம் தனுஷ்கோடியின் அரிச்சல்முனைக்கு அப்பால் இருக்கும் மணல் தீடைகளைக் காட்டி, அதுதான் தோன்றி மறையும் தீவு என்கிறது. தீடைகள் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்ப வளரும், தேயும், இடம் மாறும். அது உண்மைதான். ஆனால் அந்தப் பக்கம் சர்வதேசக் கடல் எல்லை மிக அருகில். எங்கள் மீனவர்கள் எத்தனை பேர் அந்தக் கோட்டில் படகையும் வலையையும் இழந்து சிறையில் கிடந்தார்கள் என்பது இந்த நாளிதழைப் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். கைபேசி அங்கே இலங்கைக் கோபுரத்தின் அலைவரிசையைப் பிடித்துக்கொள்ளும், ரோமிங் இல்லாவிட்டால் பேச முடியாது. விளையாட்டாகக்கூட அந்தத் திசையில் போக வேண்டாம்.

அடுத்தது டிராகன். கொமோடோ டிராகன் இந்தோனேசியாவில் கொமோடோ, ரிஞ்சா, ஃப்ளோரஸ் போன்ற சில தீவுகளில் மட்டும் வாழ்வது. மூன்று மீட்டர் வரை வளரும் உடும்பு அது. நம் பனங்காட்டிலும் கருவேலங்காட்டிலும் ஓடுகிற உடும்புக்கு உறவு. காணொளிகளில் இலை இலையாகத் தோல் மடல் தொங்க மிதக்கும் கடல் டிராகன் தெற்கு ஆஸ்திரேலியக் கடலில் மட்டும் உண்டு. குளிர்ந்த தண்ணீரில் வாழ்வது, நம் கடலில் அது இல்லை. யாராவது மன்னார் வளைகுடாவில் எடுத்தது என்று அந்தப் படத்தைக் காட்டினால் நம்பாதீர்கள்.

ஆனால் அந்தக் கடல் டிராகனின் நெருங்கிய சொந்தக்காரர்கள் இங்கே இருக்கிறார்கள். கடல் குதிரையும் குழல் மீனும் அதே குடும்பம். தீவில் இல்லை. கரையிலிருந்து நடந்து போகும் தூரத்தில், முழங்காலிலிருந்து நெஞ்சளவு தண்ணீரில், கடற்புல் படுகையில் இருக்கின்றன. கடல் குதிரைக்குத் தலையில் எலும்புக் கிரீடம், உடம்பு முழுக்க வளையம் வளையமாக எலும்புக் கவசம், பற்றிப் பிடிக்கிற வால், தனித்தனியாகத் திரும்புகிற இரண்டு கண். டிராகன் என்று குழந்தை எதை வரைகிறதோ அதெல்லாம் விரல் நீளத்தில் இருக்கிறது. அதற்குப் பல் கிடையாது, இரைப்பையும் கிடையாது. குழல் போன்ற வாயால் நுண்ணிய இறால் வகைகளை உறிஞ்சி விழுங்கும். இரைப்பை இல்லாததால் பகல் முழுக்க தின்றுகொண்டே இருக்க வேண்டும். ஆண்தான் சினை சுமக்கும். வயிற்றுக்குக் கீழே வால் தொடங்கும் இடத்தில் பை இருந்தால் ஆண், அந்த இடம் ஒட்டி வழுவழுப்பாக இருந்தால் பெண்.

இழுவலை, கரைவலை இழுப்பவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். பெகாசஸ் என்று விலங்கியலில் சொல்லும் சிறு மீன். தட்டையான உடம்பு, அதுவும் கவசம் பூண்டது, நீண்ட மூக்கு, இரு பக்கமும் விரிந்த சிறகு போன்ற துடுப்பு. அந்தச் சிறகால் பறப்பதில்லை, வயிற்றுத் துடுப்பைக் கால் மாதிரி ஊன்றி மணலில் நடக்கும். மேல் தோலை அவ்வப்போது ஒரே உரியாக உரித்துப் போட்டுவிடும். சிறகும் கவசமும் உள்ள இதைவிட டிராகனுக்குப் பக்கத்தில் வரும் உயிர் இந்தக் கடலில் வேறு இல்லை.

நீல டிராகன் என்று ஒன்றின் பெயரும் அடிபடுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் சென்னை பெசன்ட் நகர்க் கரையில் ஒதுங்கியபோது நிறைய பேர் படம் பார்த்திருப்பீர்கள். மூன்று சென்டிமீட்டர் அளவுள்ள, ஓடில்லாத நத்தை வகை. வயிற்றில் காற்றை அடக்கி மல்லாக்க மிதக்கும். கொட்டும் சொறி (ஜெல்லி மீன்) வகைகளைத் தின்று, அவற்றின் நஞ்சுச் செல்களைத் தன் உடம்பிலேயே சேர்த்து வைக்கும். செத்து ஒதுங்கியதைத் தொட்டாலும் கொட்டும். வெறுங்கையில் எடுத்துப் படம் பிடிக்கக் கூடாது என்பதைத் தவிர அதைப் பற்றிப் பிள்ளைகளுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

இனி எப்போது, எப்படி என்பது. தென்கடலும் வடகடலும் ஒன்றுபோல இருக்காது என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாததுதான் பாதி விபத்துக்குக் காரணம். கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, மே மாதம் பிடித்துச் செப்டம்பர் வரை வீசும். அந்த மாதங்களில் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, கலங்கி அலையடிக்கும். தீவுகள் இருப்பதும் அங்கேதான், விடுமுறை வருவதும் அப்போதுதான். அதே நாட்களில் வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம், காற்றுக்கு மறைவில் அமர்ந்து கிடக்கும். அக்டோபரிலிருந்து வாடை, அதாவது வடகிழக்குக் காற்று, தொடங்கினால் எல்லாம் தலைகீழ். பாம்பன் பாலத்தடி நீரோட்டமும் அப்படித்தான்: கச்சான் காலத்தில் தெற்கிலிருந்து வடக்கே, வாடைக் காலத்தில் வடக்கிலிருந்து தெற்கே. நீச்சல் தெரிந்தவரையும் அது இழுத்துக்கொண்டு போகும். ஆகவே கோடை விடுமுறையில் வருபவர்கள் தீவு நினைப்பை விட்டுவிட்டு வடகடல் கரைக்குப் போகட்டும். அரியமான், பிரப்பன்வலசை தொடங்கி வடக்கே தொண்டி வரை கடற்புல் படுகை உண்டு. தென்கடல் பக்கம் பார்க்க ஆசைப்பட்டால் பிப்ரவரி, மார்ச் நல்லது.

கோடையில் தீவுக்குப் போகக் கூடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர்ச் சூடு 31 டிகிரியைத் தாண்டும்போது பவளம் வெளுக்கத் தொடங்கும். 2010-லும் 2016-லும் இங்கே பெரிய அளவில் வெளுத்தது. அப்படித் தவிக்கும் பவளத்தின் மேல் ஒரு நங்கூரம் விழுந்தால், ஒரு கால் மிதித்தால், அந்தக் கிளை மறுபடி தழைக்க வருடக்கணக்கில் ஆகும்.

நேரம் காலை ஆறரையிலிருந்து பத்து மணிக்குள். அதற்குப் பிறகு காற்று ஏறும், மேல்பரப்பு சிலுசிலுக்கும், அடியில் எதுவும் தெரியாது. இந்தக் கடலில் ஏற்ற வற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. இருந்தாலும் வற்றத்தின்போது போவது நல்லது, வெளிச்சம் புல்லின் அடிவரை இறங்கும். முந்தின நாள் மழை பெய்து ஓடைத் தண்ணீர் கலந்திருந்தால் போகவே வேண்டாம். ஒரு சோதனை உண்டு: முழங்காலளவு தண்ணீரில் நின்று குனிந்து பார்த்தால் கால் விரல் நகம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் திரும்பிவிடுங்கள்.

நடந்து தேடாதீர்கள். கடற்புல்லில் நடந்தால் புல்லும் மிதிபடும், சேறு கிளம்பி அரை மணி நேரம் அடங்காது, மணலில் புதைந்து கிடக்கும் திருக்கையையும் மிதிக்க நேரும். முகக் கண்ணாடியும் மூச்சுக் குழலும் அணிந்து, மிதவைச் சட்டையோடு குப்புற மிதந்து பார்ப்பதே சரி. காலில் துடுப்பு மாட்ட வேண்டாம். ஆழமில்லாத தண்ணீரில் துடுப்பின் ஒவ்வோர் உதையும் புல்லைப் பிய்த்துச் சேற்றைக் கிளப்பும்.

நீச்சல் தெரியாத பிள்ளைகளுக்குக் கண்ணாடி வாளி போதும். இதை வீட்டிலேயே செய்யலாம், நிறைய பேர் தப்பாகச் செய்வதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். காலியான 20 லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்று எடுத்து, அடிப்பாகத்தை ஓரத்தில் 3 சென்டிமீட்டர் விளிம்பு விட்டு வட்டமாக வெட்டுங்கள். 5 மில்லிமீட்டர் அக்ரிலிக் தகட்டை அடிப்பாகத்தின் அளவுக்கு வட்டமாக வெட்டி வெளிப்பக்கத்திலிருந்து பொருத்த வேண்டும். பெரும்பாலோர் சிலிக்கான் பசையைத் தடவி ஒட்டிவிட்டு முடிந்தது என்று நினைப்பார்கள். வாளி பிளாஸ்டிக்கில் சிலிக்கான் பிடிக்காது, அக்ரிலிக்கிலும் சரியாகப் பிடிக்காது. இரண்டாம் நாளே உரிந்து தண்ணீர் ஏறும். சைக்கிள் டியூபை நீளவாக்கில் அறுத்து, விளிம்புக்கும் தகட்டுக்கும் நடுவே வளையமாக வைத்து, 4 மில்லிமீட்டர் துருப்பிடிக்காத போல்ட் 12 போட்டு முடுக்க வேண்டும். அக்ரிலிக்கில் துளையிடும்போது மெதுவாக, தண்ணீர் விட்டுவிட்டு இடுங்கள். துளை போல்ட்டைவிட ஒரு மில்லிமீட்டர் பெரிதாக இருக்கட்டும். இறுக்கமான துளையில் போல்ட்டை முடுக்கினால் தகடு விண்டுவிடும். முடுக்கும்போது ஒரு போல்ட், அதன் எதிர்ப்பக்கத்துப் போல்ட் என்று மாற்றி மாற்றி முடுக்குங்கள். உள்பக்கம் கறுப்பு வண்ணம் அடித்தால் சூரிய வெளிச்சம் உள்ளே பட்டுக் கூசாது. ஜன்னல் கண்ணாடி போடவே கூடாது, படகு ஓரத்தில் இடித்தால் உடைந்து கையைக் கிழிக்கும்.

வாளியைத் தண்ணீரில் இறக்கும்போது சாய்த்து இறக்குங்கள், நேராக வைத்தால் தகட்டின் அடியில் காற்றுக் குமிழி சிக்கிக்கொண்டு ஒன்றும் தெரியாது. அடி அகலம் 26 சென்டிமீட்டர் உள்ள வாளியைப் பத்து சென்டிமீட்டர் அமிழ்த்தினால் ஐந்து கிலோவுக்கு மேல் எதிர்த்துத் தள்ளும். இது தெரியாமல் மூன்று பேர் ஒரே பக்கம் சாய்ந்து வாளியை அழுத்த, வத்தை போன்ற சின்னப் படகு என்றால் கவிழ்ந்துவிடும். ஒருவர் பார்க்கும்போது இன்னொருவர் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

கடல் குதிரையை எப்படிக் கண்டுபிடிப்பது? குதிரையைத் தேடினால் கிடைக்காது. புல்லின் நிறத்துக்கு அது தன் நிறத்தை மாற்றிக்கொள்ளும், உடம்பில் பாசியும் ஒட்டியிருக்கும். புல்லின் அடித்தண்டைப் பாருங்கள். அலை வந்து போகும்போது புல் முழுவதும் ஒரே தாளத்தில் அசையும். அதில் ஒன்று மட்டும் கொஞ்சம் பிந்தி அசைந்தால், அல்லது விறைத்து நின்றால், அங்கேயே கண்ணை வையுங்கள். முதுகில் ஒரே ஒரு சிறு துடுப்பு கண்ணாடி மாதிரி துடிப்பது தெரியும். ஒரு சதுர மீட்டருக்கு ஐந்து நிமிடமாவது கொடுங்கள். பொறுமையில்லாமல் நீந்திப் போகிறவர்கள் பத்துக் குதிரையைத் தாண்டிப் போய்விட்டு ஒன்றுமில்லை என்பார்கள். முகக் கண்ணாடி வழியாகப் பார்க்கையில் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். 12 சென்டிமீட்டர் என்று தோன்றினால் 9 என்று எழுதிக்கொள்ளுங்கள்.

பார்த்த பிறகு குறைந்தது ஒரு மீட்டர் தள்ளியே இருங்கள். தொடக் கூடாது, ஃபிளாஷ் போடக் கூடாது, படத்துக்காகப் புல்லை விலக்கக் கூடாது. தொட்டால் அது வாலின் பிடியை விட்டுவிடும். நீந்தத் தெரிந்தும் வேகம் இல்லாத உயிர் அது. பிடி விட்டால் நீரோட்டம் தள்ளிக்கொண்டு போய் வேறு மீனுக்கு இரையாகும். இணை சேர்ந்து வாழும் வகைகளில் ஒன்று இடம் மாறினால் இன்னொன்றும் தவிக்கும். பாட்டிலில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகும் பிள்ளைகளுக்கு ஒரே வார்த்தை: அதற்கு உயிருள்ள இரை நாள் முழுக்க வேண்டும், உங்களால் கொடுக்க முடியாது, அது பட்டினியில் சாகும். சட்டமும் சும்மா விடாது. கடல் குதிரையும் அதன் குடும்பம் முழுவதும் 2001 முதல் வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பில் இருக்கின்றன. பிடித்தால், வைத்திருந்தால், விற்றால் மூன்றாண்டு முதல் ஏழாண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். காய்ந்த குதிரையை "டிராகன்" என்று ரகசியமாக யாராவது விற்றால் ஆசைக்கு ஒன்று வாங்குவதும் அதே குற்றம்தான். அந்த ஒன்றுக்கு விலை இருப்பதால்தான் வலையில் உயிரோடு வந்தது கடலுக்குத் திரும்பாமல் வெயிலில் காய்கிறது. வலையில் ஏறும் குதிரை பெரும்பாலும் உயிரோடுதான் வரும் என்பது மீனவர்களுக்குத் தெரியும். வலையை உதறும்போதே எடுத்து, ஈரக் கையால் புல் இருக்கும் இடத்தில் விட்டுவிட்டால் பிழைத்துக்கொள்ளும்.

வெறுமனே பார்த்துத் திரும்புவதோடு நிற்க விரும்பாத பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு உண்மையான வேலை இருக்கிறது. அரை அங்குல பிவிசி குழாயை 50 சென்டிமீட்டராக நான்கு துண்டு வெட்டி, நான்கு எல்போ மாட்டினால் ஒரு சதுரச் சட்டம் கிடைக்கும். குழாயில் அங்கங்கே துளை போட மறக்காதீர்கள், போடாவிட்டால் மிதக்கும். 50 மீட்டர் நாடாவைக் கரையிலிருந்து நேராகக் கடலுக்குள் விரித்து, ஐந்து மீட்டருக்கு ஒரு முறை சட்டத்தை வைத்து, உள்ளே எவ்வளவு பங்கு புல், எவ்வளவு வெறும் மணல், என்ன உயிர் என்று குறிக்க வேண்டும். டிபன் பாக்ஸ் மூடியை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கினால் தண்ணீருக்குள்ளேயே பென்சிலால் எழுதலாம். இதே கரையில் இதே இடத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை செய்தால், புல் வளர்கிறதா அழிகிறதா என்று சொல்ல ஊருக்கு ஒரு கணக்கு கிடைக்கும். பூங்கா எல்லைக்குள் இதற்கு அனுமதி தேவை, வெளியே உள்ள கரையோரம் போதுமானது. கடல் குதிரை பார்த்தவர்கள் தேதி, ஆழம், புல்லா மணலா, ஆணா பெண்ணா என்ற விவரத்தோடு ஐசீஹார்ஸ் என்ற உலகளாவிய பதிவேட்டில் சேர்க்கலாம். பொதுவில் போடும் படத்தில் மட்டும் இடத்தைக் குறிக்காதீர்கள். இடம் தெரிந்தால் பிடிக்கிறவனும் வந்துவிடுவான்.

படகுக்காரர்களிடம் ஒரு சொல். நம் படகு மீன்பிடிப்புக்கென்று பதிவானது. ஆள் ஏற்றிச் சுற்றிக் காட்டும் உரிமம் அதற்கு இல்லை, ஏதாவது ஆனால் காப்பீடும் கை கொடுக்காது, படகு பறிபோகும். ஆயிரம் இரண்டாயிரத்துக்காக வேறொருவர் வீட்டுப் பிள்ளையைக் கச்சான் நாளில் தீவின் வெளிப்பக்கம் கொண்டுபோய் இறக்காதீர்கள். தீவைப் பார்த்தே ஆக வேண்டும் என்று நிற்பவர்களைப் பாம்பன் பக்கத்துக் குந்துகாலுக்கு அனுப்புங்கள். அங்கிருந்து குருசடைக்கு வனத்துறையே படகு விடுகிறது. தொண்டிப் பக்கம் காரங்காட்டில் ஊர்க்காரர்களும் வனத்துறையும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகில் அழைத்துப் போகிறார்கள். மண்டபத்தில் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மீன் காட்சியகமும் உண்டு. உயிரோடு எப்படி இருக்கும் என்று முதலில் அங்கே பார்த்துவிட்டுப் போனால் கடலில் கண் சீக்கிரம் பழகும்.

உரிமம் உள்ள படகில் போனாலும் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். ஆளுக்கு ஒரு மிதவைச் சட்டை இருக்கிறதா, அதை மாட்டிக்கொண்டுதான் ஏற வேண்டும், அணியத்தில் (படகின் முன்பகுதியில்) குவித்து வைத்திருப்பது உதவாது. எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு இருப்பு. ஆளுக்கு மூன்று லிட்டர் குடிதண்ணீர். விசில் ஒன்று, சிறு கண்ணாடி ஒன்று. வெயிலைத் திருப்பிக் காட்டினால் கண்ணாடி வெகுதூரம் தெரியும். கைபேசியில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், சிக்னல் இல்லாவிட்டாலும் இருக்கும் இடத்தைக் காட்டும். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருந்தால் பேச்சே வேண்டாம். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் குழுமத்துக்கு 1093, இந்தியக் கடலோரக் காவல்படைக்கு 1554.

திருக்கை முள்ளோ லயன்ஃபிஷ் முள்ளோ குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் அந்த இடத்தை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் முக்கி வையுங்கள். சூட்டைக் குத்துப்படாத கையால் பார்த்துக்கொள்ளுங்கள், வலியில் மரத்த காலுக்குச் சூடு தெரியாமல் வெந்துவிடும். ஆழமாக இறங்கிய முள்ளைப் பிடுங்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். சொறி மீன் பட்டால் மணல் போட்டுத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள், இரண்டும் வெடிக்காத நஞ்சுச் செல்லையும் வெடிக்க வைக்கும். கடல் தண்ணீரால் கழுவி, ஒட்டிய இழையை இடுக்கியால் எடுங்கள். மூச்சு முட்டினால், நெஞ்சு அடைத்தால் உடனே 108.

வனத்துறைக்கு ஒரு வேண்டுகோள். தீவுக்குப் போகாதே என்று பலகை வைத்திருக்கிறீர்கள், சரி. எங்கே போகலாம் என்றும் ஒரு பலகை வையுங்கள். ஏப்ரல், மே ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் வடகடல் கரையில் ஓரிடத்தைக் கயிறு கட்டி ஒதுக்கி, கடல் தெரிந்த இரண்டு மூன்று மீனவ இளைஞர்களுக்குக் கூலி கொடுத்து, பத்துப் பத்துப் பேராக அழைத்துப் போய்க் காட்டுங்கள். மிதவைச் சட்டை இருபது, கண்ணாடி வாளி ஐந்து, முதலுதவிப் பெட்டி ஒன்று, வெந்நீர் பிளாஸ்க் இரண்டு. இதற்குமேல் செலவில்லை. வலை இழுத்த கையே வழிகாட்டும் கையானால் கடல் குதிரையைக் காய வைக்கும் தேவையும் அந்த வீட்டில் குறையும்.

உங்கள் நாளிதழுக்கும் ஒன்று. மாவட்டப் பக்கத்தில் மழை, வெயில் போடுகிறீர்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சனி, ஞாயிறுக்குத் தென்கடலில் காற்று எந்தத் திசை, எத்தனை கிலோமீட்டர் வேகம், அலை எத்தனை மீட்டர், வடகடலில் எவ்வளவு, வற்றம் எத்தனை மணிக்கு என்று நாலு வரி சேர்த்துப் போடுங்கள். கடல் நிலவரம் கணிக்கும் இன்காய்ஸ் நிறுவனம் காற்றையும் அலையையும் நாள்தோறும் வெளியிடுகிறது, எடுத்துப் போடுவதுதான் வேலை.

இப்படிக்கு,
நாட்டுப்படகு மீனவர்களும் கடல் உயிரியல் படித்தவர்களும்,
பாம்பன், இராமநாதபுரம் மாவட்டம்.